ரெண்டு கரண்டிச் சர்க்கரை

பெராத்திலிருந்து சராந்தா வழியாகக் கடலோரத்து போர்ஷ் வரை பதினாறு வருஷமாக வேன் ஓட்டுகிறேன். வழியில் எந்த ஊரில் யார் யாரோடு பேசுகிறார்கள், யார் யாரோடு முறைத்துக்கொண்டு திரிகிறார்கள் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. அதனால் புகுரியே அக்கா காலையில் போர்ஷுக்கு ஒரு சீட் கேட்டபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கடலோரத்து ஆலிவ் தோப்புக்காக அண்ணன் நெவ்ரூஸோடு சண்டை போட்டு, "இனி உன் வீட்டுல ஒரு வாய் காபி குடிச்சா நான் மனுஷி இல்ல"ன்னு சொல்லிவிட்டுப் போனவள். பத்தொன்பது வருஷமாக அந்தப் பக்கமே போகவில்லை.

"அண்ணனுக்கு முடியல தம்பி" என்றாள். "நேத்து ராத்திரி ஆள் விட்டிருக்கான். மூச்சு இருக்கும்போதே வந்து என் கையால ஒரு காபி குடிச்சிட்டுப் போன்னு. சீக்கிரம் போயிடுவல்ல?"

"ரெண்டு மணிக்குள்ள கொண்டுபோய் விட்டுர்றேன்க்கா. என் பொறுப்பு."

அந்த வார்த்தையைச் சொன்ன வாயை இப்போது செருப்பால் அடிக்கலாம் போலிருக்கிறது.

வேனில் ஒரு வெளிநாட்டு ஜோடியும் இருந்தது. பெராத்து வீடுகளின் பேர்போன ஜன்னல்களை மூன்று நாளாகப் படம் எடுத்தும் ஆசை தீராமல், ஓடுகிற வேனிலிருந்தும் எடுத்துக்கொண்டு வந்தார்கள். பின் சீட்டில் வெங்காய மூட்டையோடு ஸெல்மான். வாய் ஓயாத ஆள்.

வழியில் கிரோகாஸ்தரில் ஒரு காபிக்கடை, வழக்கமான நிறுத்தம். கடைக்காரன் எல்லோரிடமும் கேட்டான், எங்கள் நாட்டில் எந்த வீட்டிலும் எந்தக் கடையிலும் முதலில் கேட்கிற கேள்விதான்: "சர்க்கரை எவ்வளவு?"

அக்கா கையை ஆட்டி மறுத்துவிட்டாள். "இன்னிக்கு முதல் காபி அண்ணன் வீட்டுலதான்."

அந்த நேரம் பார்த்து அவள் போன் அடித்தது. நெவ்ரூஸின் மகள் மிமோஸா. கூப்பாடு போட்டுப் பேசியதால் எல்லோருக்கும் கேட்டது.

"அத்தை, எங்க இருக்கீங்க? அப்பா கேட்டுக்கிட்டே இருக்காரு. காபிப் பாத்திரத்தக் கட்டில் பக்கத்துலயே கொண்டாந்து வைக்கச் சொல்லிட்டாரு. இப்பவும் ரெண்டு கரண்டிதானான்னு கேக்கச் சொல்றாரு."

அக்காவின் முகம் அப்படியே உடைந்துபோனது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. "ரெண்டுதான்னு சொல்லு. ரெண்டேதான்னு சொல்லு. இதோ வந்துட்டேன்னு சொல்லு."

நான் பாதிக் காபியை அப்படியே வைத்துவிட்டு வண்டியை எடுத்தேன். சத்தியமாக விரட்டினேன். மலை ஏறத் தொடங்குகிற திருப்பத்தில் அந்த வெளிநாட்டுப் பெண் வீறிட்டாள். கைப்பையைக் காபிக்கடையில் விட்டுவிட்டாளாம். பாஸ்போர்ட் அதில்தான். மூன்று மணிக்கு சராந்தாவில் அவர்களுக்குக் கப்பல்.

"கடைக்காரன்கிட்ட போன் பண்ணிச் சொல்றேன். சாயங்கால வேன்ல வந்துரும்" என்றேன் நான்.

"கப்பல் போயிருமேப்பா" என்றான் ஸெல்மான்.

"நீ வெங்காயத்தப் பாத்துக்க!"

அந்தப் பெண் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். எல்லோரும் புகுரியே அக்காவைப் பார்த்தார்கள். நானும் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். வேண்டாம் என்று சொல்லிவிடு என்று மனதுக்குள் கெஞ்சினேன். அவள் ஒரு சொல் சொன்னால் போதும், யாரும் தப்பாக நினைத்திருக்க மாட்டார்கள்.

அவள் மடியில் கிடந்த போனைப் பார்த்தாள். பிறகு வெளியே பார்த்தாள்.

"திருப்பு தம்பி."

"அக்கா, நாப்பது நிமிஷம் போயிரும்."

"தெரியும். நம்மள நம்பி நம்ம மண்ணுக்கு வந்த விருந்தாளிங்க. அவங்கள அழவிட்டுட்டு வந்தேன்னு தெரிஞ்சா, அந்தக் காபிய அவனே எனக்குத் தர மாட்டான். எங்கப்பா வளர்ப்பு அப்படி. திருப்பு."

திருப்பினேன். வேறென்ன செய்ய? அவள் இடத்தில் என் அம்மா இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பாள். அதுதான் எங்களைப் பிடித்த பீடை. கூடப் பிறந்தவனோடு பத்தொன்பது வருஷம் முறைத்துக்கொண்டு இருப்போம். முன்பின் தெரியாத விருந்தாளி முகம் சுளித்தால் மட்டும் பொறுக்க மாட்டோம்.

பை கடையிலேயே பத்திரமாக இருந்தது. கடைக்காரன் தன் கல்லாவுக்குப் பின்னால் எடுத்து வைத்திருந்தான். சராந்தாவில் இறங்கும்போது அந்தப் பெண் அக்காவைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தாள். அக்கா அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தாள். கண் மட்டும் கடிகாரத்தை விட்டு அகலவில்லை.

அதற்குப் பிறகு கடல் பக்கம் நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வளைவுக்கு வளைவு ஸெல்மானின் வெங்காயம் வண்டிக்குள் உருண்டது. அவன் குனிந்து பொறுக்கிக்கொண்டே வந்தான். மிமோஸாவின் எண்ணுக்கு அக்கா ஐந்து தடவை போட்டாள். யாரும் எடுக்கவில்லை.

"கை வேலையா இருப்பா" என்றாள் என்னிடம்.

"ஆமாக்கா. காபி போடுறாளோ என்னவோ" என்றேன்.

போர்ஷில் வீட்டு வாசலிலேயே கொண்டுபோய் நிறுத்தினேன். மணி இரண்டு முப்பத்தைந்து. முற்றத்தில் வரிசையாக நாற்காலி போட்டிருந்தார்கள். ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள், ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காமல். எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. அக்காவுக்குப் புரியவில்லை, அல்லது புரிந்துகொள்ள மறுத்தாள். தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு, "அண்ணன் எங்க?" என்றாள்.

வாசலில் நிற்கிறவரிடம் சாவைச் சொல்கிற வழக்கம் எங்களுக்குக் கிடையாது. "முதல்ல உக்காருங்க அத்தை" என்று மிமோஸா அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். உள்ளே போனாள். தட்டோடு வந்தாள். சின்னக் கோப்பையை நீட்டினாள்.

சர்க்கரை எவ்வளவு என்று யாரும் கேட்கவில்லை.

சாவு வீட்டில் மட்டும்தான் எங்கள் ஊரில் அதைக் கேட்க மாட்டார்கள். அங்கே எல்லோருக்கும் கசப்புக் காபிதான்.

அக்கா ஒரு வாய் குடித்தாள். கோப்பையைத் தட்டில் வைத்தாள்.

"எப்போ?" என்றாள்.

"ரெண்டு மணிக்கு, அத்தை."

இரண்டு முப்பத்தைந்திலிருந்து அந்த நாற்பது நிமிஷத்தை நான் கழித்துப் பார்த்தேன். அவளும் கழித்திருப்பாள். என்னைத் திரும்பிப் பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை. மிமோஸா பக்கம் திரும்பினாள்.

"ரெண்டு கரண்டின்னு சொல்லி அனுப்பினேனே, மிமோஸா. அவன்கிட்ட சொன்னியா?"

"சொன்னேன் அத்தை. சிரிச்சாரு. காபிப் பாத்திரத்துல அவரே போட்டு வெச்சாரு."

நாங்கள் உள்ளே போனபோது, கட்டிலுக்குப் பக்கத்தில் அந்தப் பாத்திரம் அப்படியே இருந்தது. தண்ணீர் ஊற்றாத காபித்தூள், அதன் மேல் இரண்டு கரண்டிச் சர்க்கரை.