ஊசி ஏறாத கார்

அடைக்கலநாதனின் கராச்சில் வாடிக்கையாளருக்கென்று இரண்டு கதிரைகள் போட்டிருந்தன. கேதீஸ்வரி அதில் இருக்கவில்லை. "இருங்கோ தங்கச்சி, நேரம் எடுக்கும்" என்று அவர் இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார். "நான் நிண்டே பாக்கிறன்" என்றாள். சொன்ன விதத்தில் மூன்றாம் தரம் சொல்ல அவருக்குத் துணிவு வரவில்லை.

அவளுக்குக் கோபம் வராமல் வேறென்ன வரும்? கார் நின்று பதினொரு நாள். பதினொரு நாளும் ஊர் அவளுடைய தலையைத்தான் போட்டு உருட்டுகிறது. இடுப்பு வலியெடுத்த ஆரணியை வட்டுக்கோட்டையிலிருந்து பெரியாஸ்பத்திரிக்கு ஏற்றிப் போனவள், ஆனைக்கோட்டையில், உச்சி வெயிலில், நடுறோட்டில் நின்றுவிட்டாள். எஞ்சின் வெள்ளையாகப் புகைத்து அடங்கிப்போனது. வெங்காயம் ஏற்றி வந்த லாண்ட்மாஸ்ரர் உழவுயந்திரம் ஒன்றை மறித்து, சாக்குகளுக்கு நடுவே ஆரணியைக் கிடத்தி அனுப்ப வேண்டியதாயிற்று. ஏதோ புண்ணியத்துக்கு ஆஸ்பத்திரிக்குள் போய்த்தான் பெற்றாள். தாயும் பிள்ளையும் சுகம்.

சுகமில்லாமல் போனது கேதீஸ்வரியின் பெயர்தான். அதற்குக் காரணம் வேறு யாருமில்லை, அவளுடைய பெரியண்ணை கனகரத்தினம். கார் அவருடையது. ஏழு மாதத்துக்கு முன்பு, "சும்மா நிக்கிற கார், நீ ஓடிப் பிழை" என்று திறப்பைக் கையில் கொடுத்தவர் அவர். அது நின்ற அன்றைக்கே சந்தியில் நின்று, நாலு பேர் கேட்க, "பொம்பிளையிட்டைக் காரைக் குடுத்தது என்ரை பிழை. சூடேறுறதுகூடத் தெரியாமல் ஓடி எஞ்சினை எரிச்சுப்போட்டாள்" என்றவரும் அவர்தான். அதோடு விட்டாரா? ஆரணி வீட்டோடு சேர்த்து, கிளினிக்குக்கு மாதாமாதம் அவளோடு போய்வந்த ஆறு வீட்டுக்கும் போன் எடுத்துச் சொன்னார். பொம்பிளை ஓடுகிற கார் என்று நம்பி ஏறிய ஆறு வீடும் ஒன்று மிச்சமில்லாமல் கைவிட்டன.

எஞ்சினை எரித்தது யார் என்று அவளுக்குத் தெரிய வேண்டும். தான்தான் என்றால் வாயை மூடிக்கொண்டு போய் வீட்டில் இருப்பாள். அதை ஒரு ஆள் அவளுக்குக் கண்ணால் காட்டவேண்டும்.

"ஒவ்வொரு நாளும் தண்ணி பாக்கிறனீங்களோ?" என்று கேட்டார் அடைக்கலநாதன். கேட்ட தொனியே பிடிக்கவில்லை.

"விடிய எழும்பினால் முதல் வேலை அதுதான். தண்ணிப் போத்தில் நிறைஞ்சுதான் நிக்கும்."

"என்ன நிறம்?"

"மஞ்சள். கூலன்ற் அப்பிடித்தானே?"

அவர் குனிந்து போத்திலைப் பார்த்தார். "சூட்டு ஊசியைப் பாக்கிறனீங்களோ?"

"அடியை விட்டு அது ஒருநாளும் அசைஞ்சதில்லை. அவ்வளவு நல்ல கார்."

குனிந்து நின்றவர் நிமிர்ந்தார். "அசையவேயில்லையோ?"

"இல்லை."

"தங்கச்சி, எஞ்சின் சூடானால் ஊசி பாதிக்கு ஏறி அங்கை நிக்கவேணும். அசையாத ஊசி நல்ல ஊசியில்லை. செத்த ஊசி."

அவளுக்கு முகம் சுட்டது. ஏழு மாதமாக அந்த ஊசியைப் பார்த்துப் பார்த்துப் பெருமைப்பட்டிருக்கிறாள். ஏறுகிறவர்களுக்கெல்லாம் காட்டியிருக்கிறாள்.

"முதல் ஒழுக்கைப் பாப்பம்" என்றார் அவர். வண்டியின் கீழே ஒயில் கறை இருந்தது. எஞ்சினை மண்ணெண்ணெய் போட்டுக் கழுவித் துடைத்து, காயவிட்டு, குழந்தைப்பிள்ளைப் பவுடரை எடுத்து மேலெல்லாம் தூவினார். ஒரு நிமிடம் மட்டும் ஸ்ராற் செய்து நிற்பாட்டினார். வெள்ளைப் பவுடரில் ஒயில் கறுப்பாகக் கோடு போட்டு இறங்கியிருந்தது. விரலால் கோட்டைப் பிடித்து மேலே போனார். எஞ்சினின் மேல்மூடி ஓரத்தில் அது தொடங்கியது. "இது பழைய சீல். முப்பத்தைஞ்சு வருசக் காருக்கு இது வருத்தமேயில்லை. எஞ்சினை நிப்பாட்டினது இதில்லை."

தண்ணீர் ஒழுகிய தடம் எதையும் பவுடர் காட்டவில்லை. குழாய்கள், பம்ப், ரேடியேற்றரின் அடி, எல்லாம் காய்ந்திருந்தன. வெளியே ஒரு துளியும் ஒழுகவில்லை. ஒயில் பார்க்கிற கம்பியை இழுத்து அவளுக்கு நேரே நீட்டினார். கறுப்பாக இருக்கவேண்டியது பால்தேத்தண்ணி நிறத்தில் இருந்தது. "தண்ணி வெளியாலை போகேல்லை. உள்ளாலை ஒயிலுக்கை போயிருக்கு. ஹெட் காஸ்கெற், எஞ்சின் தலைக்குக் கீழை இருக்கிற தகடு, போயிட்டுது. கடும் சூட்டிலைதான் உது போறது."

"அப்ப நான்தான் எரிச்சனோ?"

"பொறுங்கோ."

ரேடியேற்றர் மூடியைத் திறந்தார். தண்ணீர் நாலு விரல் கீழே நின்றது. போத்தில் நிறைந்திருக்க, உள்ளே குறைந்து கிடந்தது. விரலை விட்டுச் சுரண்டி எடுத்தார். சேறு. நல்ல மஞ்சள் சேறு. மூக்கடியில் பிடித்தார். முகம் மாறிவிட்டது. விரலை அவளிடம் நீட்டினார்.

மணந்து பார்க்கவும் தேவையில்லை, நாளாந்தம் கறிக்குப் போடுகிறவளுக்கு. மஞ்சள்தூள்.

"உது ஆர் போட்டது?" என்றாள்.

அவர் துணியால் கையைத் துடைத்தார். பிறகும் துடைத்தார். மறைத்திருக்கலாம், மனிதர் மறைக்கவில்லை. "நான்தான் சொன்னனான். பொங்கலுக்குப் பிறகு உங்கடை அண்ணை முறிகண்டியடியிலை நிண்டு போன் எடுத்தவர், ரேடியேற்றர் ஒழுகுது, கார் கொதிக்குது எண்டு. ரண்டு கரண்டி மஞ்சள்தூள் போட்டால் சின்ன ஓட்டை அடைபடும், மெல்ல ஓடிக்கொண்டு நேரை என்னட்டை வாங்கோ எண்டனான். வரேல்லை. உது ரண்டு கரண்டியில்லை தங்கச்சி, பக்கற்றோடை கொட்டியிருக்கு. ஓட்டையோடை சேத்து ரேடியேற்றர் முழுக்க அடைச்சுப்போட்டுது. தண்ணி ஓட வழியில்லை."

"வரேல்லையெண்டு தெரிஞ்சும் ஒரு போன் எடுத்துக் கேக்கேல்லையோ நாதன் அண்ணை?"

அவர் திரும்பி எஞ்சினுக்குள் தலையை விட்டார். கொஞ்ச நேரத்தில், "இஞ்சை வாங்கோ" என்று கூப்பிட்டார். சூட்டு ஊசிக்குப் போகிற வயர் கழற்றப்பட்டு, நுனியில் ஒட்டுகிற கறுத்த ரேப் சுற்றி, குழாய்க்குப் பின்னால் செருகிக் கிடந்தது. தானாகக் கழன்ற வயர் தனக்குத் தானே ரேப் சுற்றிக்கொள்ளாது.

கேதீஸ்வரி போனை எடுத்தாள். "பெரியண்ணை, கொக்குவில் கராச்சுக்கு ஒருக்கால் வாங்கோ" என்று மட்டும் சொன்னாள்.

அரை மணித்தியாலத்தில் மோட்டார்சைக்கிளில் வந்து இறங்கினார் கனகரத்தினம். வெள்ளை வேட்டி, நெற்றி நிறையத் திருநீறு. வந்ததும் வராததுமாக, அதற்குள் கதிரைகளில் வந்து காத்திருந்த வேறு இரண்டு வாடிக்கையாளரைப் பார்த்து, "எரிச்சுப்போட்டாள் என்ன?" என்று சிரித்தார்.

"ஊசி வயரை ஆர் கழட்டினது?" என்று கேட்டாள்.

ஒளிப்பார், மறுப்பார் என்றுதான் நினைத்திருந்தாள். அவரோ கொஞ்சமும் யோசிக்கவில்லை. "நான்தான். வவுனியா தாண்டினதிலையிருந்து ஏறி ஏறி மனிசரை வெருட்டிக்கொண்டு வந்துது. கழட்டிவிட்டன். பிறகு ஒரு பிரச்சினையும் இல்லை."

"திறப்பைத் தரேக்கை ஏன் சொல்லேல்லை?"

"சொன்னால் நீ ஓடுவியோ? பயந்து போய் வீட்டிலை இருந்திருப்பாய். உன்ரை நன்மைக்குத்தான். ஒரு ஆம்பிளை ஓடியிருந்தால் எஞ்சின் சத்தத்திலையே பிடிச்சிருப்பான்."

நாற்பத்திநாலு வயதில் இப்படி ஒரு கோபம் தனக்குள் இருக்கிறதென்று கேதீஸ்வரிக்கே தெரியாது. கண்ணைக் கட்டித் தன்னை றோட்டில் விட்டுவிட்டு, பார்க்கத் தெரியாதவள் என்று ஊருக்குச் சொல்லியிருக்கிறார். பின் சீற்றில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கத்திய ஆரணியின் சத்தம் காதுக்குள் கேட்டது.

ஆரணியின் தாய் ஞானாம்பிகைக்குப் போன் எடுத்தாள். எல்லோரும் கேட்கிற மாதிரிச் சத்தத்தைக் கூட்டி, போனை அண்ணையின் கையில் வைத்தாள்.

"சொல்லுங்கோ" என்றாள் அவரிடம்.

"எடி, விசரே உனக்கு? வீட்டை வா, கதைப்பம்."

"வீட்டிலை இல்லை. நீங்கள் சந்தியிலைதானே சொன்னனீங்கள்."

"ஆர் கதைக்கிறது?" என்றது போன். கதிரையில் இருந்தவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அடைக்கலநாதன் ஸ்பனரைக் கீழே வைத்தார்.

"நான்... கனகரத்தினம். அது, காரிலை முந்தியே ஒரு பழுது இருந்தது."

"ஆருக்குத் தெரியும்?" என்றாள் கேதீஸ்வரி.

அவர் அவளை முறைத்தார். அவள் கண்ணை எடுக்கவில்லை. "எனக்குத் தெரியும்" என்றார் போனுக்கு.

அந்தப் பக்கம் ஒரு பச்சைப்பிள்ளை சிணுங்குவது மட்டும் கேட்டது. பிறகு ஞானாம்பிகை சொன்னாள்: "ஆஸ்பத்திரி வாசல்லை, அவ்வளவு சனத்துக்கு முன்னாலை, உங்கடை தங்கச்சியை நான் கேக்கக்கூடாததெல்லாம் கேட்டனான். அவள் தலையைக் குனிஞ்சுகொண்டு நிண்டவள். நீங்களும் பக்கத்திலைதானே நிண்டனீங்கள்?"

கனகரத்தினம் போனை நிற்பாட்டினார். வேர்வையில் திருநீறு கரைந்து மூக்கில் வழிந்தது. போனை அவளிடம் நீட்டினார்.

"இப்ப சந்தோசமோ?"

"இல்லை" என்றாள் கேதீஸ்வரி. "இன்னும் அஞ்சு வீடு கிடக்கு."

அடுத்த நம்பரை அழுத்தி, போனைத் திரும்ப அவர் கையில் வைத்தாள்.