ஐம்பத்தெட்டுப் பருப்பு

மகன் கல்யாண விருந்தில் தன் வயிற்றுப் பூச்சிகளுக்குப் பங்கு கொடுக்க லிம் பெங்குக்கு மனமில்லை. அன்று காலையே வெறும் வயிற்றில், பூச்சிக்கு மருந்தான வறுத்த ரங்கூன் மல்லிப் பருப்பைத் தின்றுவிட்டார்.

"எத்தனைன்னு கேட்டுட்டுப் போங்க" என்று வாங்கும்போதே சொல்லியிருந்தார் மருந்துக்கடைக்காரர்.

"எனக்கா தெரியாது? வயசுக்கு ஒண்ணு."

"சூடா டீ மட்டும் தொட்டுடாதீங்க. விக்கல் புடிச்சுக்கும்."

வயதுக்கு ஒன்று என்பது குழந்தைகளுக்குச் சொல்கிற கணக்கு. இவருக்கோ ஐம்பத்தெட்டு. வேர்க்கடலை போல ருசி வேறு. மனுஷர் ஒன்றைக்கூட மிச்சம் வைக்கவில்லை.

மதியம் மருமகள் சியூ லான் மண்டியிட்டு, ஆவி பறக்கும் இரண்டு கிண்ணங்களோடு தட்டை நீட்டினாள். "அப்பா, டீ எடுத்துக்கோங்க."

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. நீட்டிய கை பாதியில் நின்றது. கூடமே அவர் கையைப் பார்த்தது. மாமனார் டீ குடிக்காவிட்டால் மருமகள் வேண்டாம் என்று அர்த்தம். மலைக்காட்டுப் பெண் நம் வீட்டுக்கு ஆகாதென்று ஒரு வருஷம் குதித்தவரும் இவர்தான். ஒருநாள் அவள் அவரை எதிர்த்து வாயாடினாள். அன்றிலிருந்து அவள் மேல் அவருக்குக் கொள்ளைப் பிரியம். அதை வாய்விட்டுச் சொன்னால்தானே பிறருக்குத் தெரியும்?

அவள் கண்ணில் நீர் கோத்தது. பெங்குக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. மானம் போனால் போகட்டும் என்று ஒரு கிண்ணத்தை எடுத்து ஒரே மடக்கில் குடித்தார்.

"நூறு வருஷம் நல்லா... விக்! பிள்ளைகுட்டியோட... விக்!"

பெண்ணின் அப்பா எழுந்துவிட்டார். "எம்பொண்ணப் பாத்தாக் கேலியா இருக்கா உங்களுக்கு?"

"கேலி இல்ல சம்பந்தி. வயித்துல... விக்... பூச்சி. மருந்து தின்னேன். மேல டீ ஆகாது."

"எத்தன தின்னீங்க?" என்றாள் மனைவி கிம் எங்.

"வயசுக்கு ஒண்ணு."

கூடம் வெடித்துச் சிரித்தது. முதலில் சிரித்தவர் சம்பந்திதான்.

சியூ லான் சிரிக்கவில்லை. "ஆகாதுன்னு தெரிஞ்சுமா குடிச்சீங்க?"

"நீ குடுத்து... விக்... வேணாம்னு எப்படிம்மா சொல்றது?"

"ஜோடியாக் குடிக்கணும், அதான் முறை" என்று நினைவூட்டினாள் சடங்கு நடத்தியவள். பெங் விக்கிக்கொண்டே இரண்டாவது கிண்ணத்துக்குக் கை நீட்டினார்.

சியூ லான் அதைப் பிடுங்கித் தானே குடித்தாள். "எங்கப்பாவுக்கு ஒண்ணு போதும்" என்றாள், கூடம் முழுக்கக் கேட்கும்படி.