பழுதில்லாத கிரைண்டர்

புதுக் கிரைண்டரை மறுநாளே கடைக்குத் திருப்பிக் கொண்டுபோன பொம்பளை திருப்பூரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். இருந்துவிட்டுப் போகிறேன்.

விஷயம் இதுதான். பனியன் கம்பெனியில் ஆறு வருஷமாகச் செக்கிங்கில் நிற்கிறேன். தைத்து வரும் பனியனில் ஓட்டையோ கறையோ இருந்தால், அந்த இடத்தில் அம்பு ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்புவேன். திங்கட்கிழமையிலிருந்து நான்தான் செக்கிங் சூப்பர்வைசர் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். சனிக்கிழமை சாயங்காலம் என் வீட்டுக்காரர் முனீஸ் கிரைண்டரோடு வந்து நின்றார்.

"இனி நீ கம்பெனிக்குப் போக வேண்டாம் புள்ள. வீட்ல மாவாட்டி விப்போம்" என்றார். திங்கட்கிழமை முதல் மாவு கிடைக்கும் என்று நாங்கள் குடியிருக்கிற காம்பவுண்டு முழுக்கச் சொல்லியும் வைத்துவிட்டார். என்னை மட்டும்தான் கேட்கவில்லை.

ஞாயிறு காலை அவர் முடிவெட்டப் போன நேரம் பார்த்து, கிரைண்டரை ஆட்டோவில் ஏற்றினேன். மங்கலம் ரோட்டில்தான் கடை. முதலாளி பழனிமுத்து அண்ணன் தன்மையான மனுஷன்.

"ஏனுங்கம்மா, நேத்துத்தானுங்க எடுத்துட்டுப் போனாரு. மோட்டார்ல கோளாறுங்களா?"

"கோளாறெல்லாம் இல்ல அண்ணே. எனக்கு வேண்டாம்."

அவர் பிளக்கைச் செருகி ஓடவிட்டுப் பார்த்தார். கல் சமர்த்தாகச் சுற்றியது. "பழுது இருந்தாத்தானுங்க நான் திருப்பி எடுக்க முடியும்" என்றவர், என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார். "சத்தம் வருதுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்கம்மா. எழுதிக்கறனுங்க."

சொல்லியிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் இந்த ஆறு வருஷத்தில் நல்ல பீஸ் மேல் ஒரு ஸ்டிக்கர் நான் ஒட்டியதில்லை. இன்றைக்கு ஒட்டிவிட்டு நாளைக்கு எந்த மூஞ்சியோடு சூப்பர்வைசராக நிற்பேன்?

"பழுது கிரைண்டர்ல இல்ல அண்ணே. அத வாங்குனவரு புத்தியில இருக்கு. அப்படியே எழுதிக்கிடுங்க."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மாவு படாத கல்லுங்க, எடுத்துக்கறேன். ஆனா பில்லு அவரு பேர்லீங்க. அவருதான் கையெழுத்துப் போடோணும்" என்று போன் போட்டார்.

கால்மணி நேரத்தில் என் வீட்டுக்காரர் பாதி வெட்டிய தலையோடு வந்து சேர்ந்தார். என்னை முறைத்துவிட்டு, "மோட்டார் கோளாறுன்னு போட்டுக்கிடுங்க" என்றார் கடைக்காரரிடம்.

"பொய் எழுத வேண்டாம்" என்றேன். "பழுது இல்ல, பொண்டாட்டி வேலைக்குப் போறதால வேண்டாம்னு எழுதுங்க அண்ணே."

"ஏன் புள்ள இப்படி மானத்த வாங்குத?"

"வேலைக்குப் போறதுல என்ன மானம் போச்சு? ஆறு வருஷமா போயிட்டுத்தான இருக்கேன். இப்ப மட்டும் என்ன வந்துச்சு?"

அதே கம்பெனியில்தான் அவருக்கும் வேலை, அயர்னிங்கில். அவர் தேய்த்து அனுப்புகிற பீஸும் கடைசிப் பார்வைக்கு நாளையிலிருந்து என் மேஜைக்குத்தான் வரும். அது இருவருக்கும் தெரியும், வாய்விட்டுத்தான் பேசவில்லை.

"நான் தேய்ச்சத நீ திருப்பி அனுப்புவ. அத்தனை பேரும் பாத்துச் சிரிப்பாங்க" என்றார். பாவமாகத்தான் இருந்தது எனக்கு. அதற்காக விட்டுக்கொடுக்க முடியுமா?

"சரியில்லன்னா அனுப்பத்தான் செய்வேன். நல்லாருந்தா, மேனேஜரே சொன்னாலும் உங்க பீஸ்ல ஸ்டிக்கர் ஒட்ட மாட்டேன். இந்தக் கிரைண்டர்லயே ஒட்டல, பாத்தீங்கல்ல?"

பழனிமுத்து அண்ணன் நான் சொன்னபடியே எழுதி, நோட்டை என் வீட்டுக்காரர் பக்கம் திருப்பினார். அவர் அதை இரண்டு தடவை படித்தார். பிறகு பேனாவை வாங்கி, அவசரமாகக் கோணல்மாணலாக ஒரு கையெழுத்தைக் கிறுக்கினார்.

நோட்டை இழுத்துப் பார்த்தேன்.

"இது சரியில்ல. ஒழுங்கா இன்னொன்னு போடுங்க" என்றேன். போட்டார்.