பொன்னம்மா நிரப்பி அனுப்பிய டேப்

அந்தமானில், போர்ட் பிளேர் அபர்டீன் பஜாரில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருப்பவனுக்கு முதல் எதிரி மழை, இரண்டாவது எதிரி வாடிக்கையாளர். மழையாவது வருடத்தில் சில மாதம் லீவு எடுத்துக்கொள்ளும். "ஒண்ணுமே செய்யல பாய், தானா நின்னுபோச்சு" என்று பெட்டியைக் கொண்டுவந்து வைப்பார்கள். திறந்தால் உள்ளே எறும்புகள் குடித்தனம் நடத்திக்கொண்டிருக்கும். நான் கத்துவேன். சாகுல் ஹமீது கத்தினால்தான் ரேடியோ பாடும் என்று பஜாரில் ஒரு கிண்டல் உண்டு. கத்தாமல் நான் கையில் வாங்கியது ஜெகநாதன் கொண்டுவந்த டேப் ஒன்றைத்தான்.

ஜெகநாதன் வடக்கே படகில் போகவேண்டிய ரங்கத்தில் ரோடு வேலை ஓவர்சியர். சொந்த ஊர் நாகப்பட்டினத்துப் பக்கம். எனக்கு நாகூர் என்பதால் போர்ட் பிளேர் வந்தால் கடைக்கு வராமல் போகமாட்டார். அந்த வருடக் கோடையில் கப்பல் சிப்பந்தி ஒருவனிடம் பேட்டரியில் ஓடும் டேப் ரெக்கார்டர் வாங்கினார். அதைப் பழகிக்கொள்ள மனைவி அலமுவையும் கூட்டிக்கொண்டு என்னிடம் வந்தார். கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகாத பெண். எந்தப் பொத்தானைத் தொடாதே என்றேனோ அதைத்தான் முதலில் அமுக்கினாள். நான் எரிந்து விழுந்தேன்.

"என்ன பாய், பொட்டிக்கு வலிக்குதா?" என்று சிரித்தாள். அவள் சிரிப்பு சின்ன விக்கல் போல ஒன்றில் தொடங்கும். அதைக் கேட்டதும் என் கோபம் போய்விட்டது.

அப்போதெல்லாம் மெஷின் வைத்திருந்தவர்கள் கடிதத்துக்குப் பதில் டேப்பில் பேசி அனுப்புவார்கள். கப்பலில் மெயின்லேண்ட் போகிற யாரிடமாவது கொடுத்தனுப்பினால், அங்கே கேட்டுவிட்டு அதே டேப்பில் பதில் பேசித் திருப்பி அனுப்புவார்கள். புது டேப் இங்கே சுலபத்தில் கிடைக்காது. கிணற்று வாளி மாதிரி ஒரே டேப் போய்ப் போய் வரும். புதிதாகப் பேசினால் பழைய பேச்சு அழியும்தான். அதை யாரும் பெரிதாக நினைத்ததில்லை. பேசியவர்தான் உயிரோடு இருக்கிறாரே!

மழைக்காலம் தொடங்கியபின் ஜெகநாதன் மறுபடி வந்தார். முகத்தில் பல நாள் தாடி. எண்ணெய்த் துணிக்குள் ஒரு பனியன், பனியனுக்குள் டேப். அதை மேஜைமேல் வைத்துவிட்டு நின்றார்.

"என்ன சார், உங்க வீட்டம்மா இதையும் அமுக்கிப் பாத்துட்டாங்களா?" என்றேன்.

"அலமு போயிட்டா பாய்."

மலேரியா. மூளைக்கு ஏறிவிட்டது. ரோடு போடுகிறவர் மனைவியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவர ரோடு இல்லை. மழையில் பாதை அறுத்துக்கொண்டு போய்விட்டது. படகு கிடைப்பதற்குள் முடிந்துவிட்டது. சொல்லிவிட்டு, என்னவோ என்னிடம் மன்னிப்புக் கேட்பவர்போலத் தலையைக் குனிந்துகொண்டார்.

"அவ உயிரோட இருக்கறப்ப அவங்கம்மாவுக்குப் பேசி அனுப்பின டேப்பு இது. அவ போன மறுவாரம் பதில் வந்துச்சு. தந்தி போய்ச் சேர்றதுக்கு முன்னாடியே கப்பல்ல ஏத்திட்டாங்க. போட்டா அத்தை குரல்தான் வருது. அலமு இதுலதான் இருக்கணும். எடுத்துக் குடுங்க பாய்."

மெஷினில் மாட்டி ஓடவிட்டேன். கணீரென்று ஒரு பெண் குரல்.

"அலமு, அம்மா பேசுறேன். உன் பேச்சைத் தெருவே உக்காந்து கேட்டுச்சு. நீ சிரிச்சதும் எதுத்த வீட்டு ருக்கு அழுதுட்டா, பைத்தியம். டேப்பை வெறுமனே திருப்பி அனுப்பினா நல்லாவா இருக்கும்? வாங்கின பாத்திரத்தையே வெறுமனே குடுக்க மாட்டோம். அதான் எல்லாரையும் கூட்டிட்டு வந்திருக்கேன். முழுசா நிரப்பித்தான் அனுப்புவேன். உனக்கு வெங்காய வடகம் போட்டிருக்கேன். காஞ்சதும் அடுத்த கப்பல்ல வந்துரும். தலைக்கு எண்ணெய் வைக்காம திரியாதடி..."

சொன்னதைச் செய்துவிட்டாள் அலமுவின் அம்மா பொன்னம்மா. ருக்கு ஒரு பாட்டுப் பாடினாள். ஒரு கிழவர் வாய்க்காலில் தண்ணீர் வந்த கதையைச் சொன்னார். யாரோ ஒருத்தி தன் ஆடு இரண்டு குட்டி போட்டதைச் சொன்னாள். கோயில் மேளத்தைக்கூடப் பிடித்துவைத்திருந்தார்கள். முன்பக்கம் முடிந்து, திருப்பிப் போட்டால் பின்பக்கமும் அப்படியே. டேப் முடிந்து வால் பட்பட்டென்று அடிக்கும்வரை யாராவது பேசிக்கொண்டே இருந்தார்கள். செத்துப்போன பெண்ணை, சாப்பிட்டாயா சாப்பிட்டாயா என்று ஒரு தெருவே கேட்டது.

"அவ எங்க பாய்?" என்றார் ஜெகநாதன்.

எனக்கு முதல் நிமிடமே தெரிந்துவிட்டது. சொல்லத்தான் நேரம் பிடித்தது. பாதி டேப்பில் பேசி நிறுத்தியிருந்தால் மீதிப் பாதியில் அலமு பிழைத்திருப்பாள். இவர்கள் ஒரு அங்குலம் விடவில்லை.

"அப்ப அத்தையே தன் கையால..."

அவர் சட்டைப்பையிலிருந்து நனைந்து காய்ந்த ஒரு தந்தியை எடுத்துக் காட்டினார், மாமியார் அனுப்பியது. கப்பல் ஏறுகிறேன், அலமு குரல் உள்ள டேப்பைப் பத்திரமாக வையுங்கள் என்று இருந்தது.

"அவங்களுக்கு இது அழியும்னே தெரியாது பாய். மெஷினைப் போட்டது பக்கத்து வீட்டு சிங்கப்பூர்க்காரர். அத்தை ஒரே ஒரு தடவைதான் அலமு பேசினதைக் கேட்டிருக்காங்க. அதை நம்பித்தான் வர்றாங்க. அவங்ககிட்ட, நீங்கதான் அழிச்சீங்கன்னு நான் எப்படிச் சொல்லுவேன்? டேப்புல பூஞ்சை புடிச்சிருந்தது, பாய் கழுவும்போது போயிருச்சுன்னு சொல்லிடலாமா?"

எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "என் பொழப்புல மண்ணைப் போடச் சொல்றீங்களா சார்? இந்தத் தீவுல எனக்குன்னு இருக்கறது இந்தக் கையோட பேரு ஒண்ணுதான். அந்தப் பொய்யெல்லாம் என்கிட்ட நடக்காது. டேப்பை வச்சுட்டுப் போங்க. எதாவது ஒட்டிக்கிட்டு இருக்கான்னு பாக்குறேன்."

ஒட்டிக்கொண்டுதான் இருந்தது. சிங்கப்பூர்க்காரர் ஒவ்வொரு ஆள் பேசி முடித்ததும் நிறுத்தி, போட்டுக் கேட்டு, கொஞ்சம் ஓடவிட்டு, பிறகுதான் அடுத்த ஆளைப் பேசவைத்திருக்கிறார். அந்த இடுக்குகளில், அவர் விரல் தாமதித்த இடங்களில், முதல் தடவை அத்தனை சத்தத்துக்கு நடுவே காதில் படாமல் போன பழைய பேச்சு துணுக்குத் துணுக்காகத் தப்பியிருந்தது. இரண்டு மெஷினைப் பக்கத்தில் வைத்து, தலையைத் தலையணை உறையால் மூடிக்கொண்டு, ஒவ்வோர் இடுக்காகக் கேட்டு வேறொரு டேப்பில் ஏற்றினேன். வந்த வாடிக்கையாளரை எல்லாம் விரட்டினேன். பக்கத்துக் கடைத் தையற்காரர், வங்காளி, எட்டிப்பார்த்து, "கியா ஹுவா பாய், நமாஸா?" என்று, தலையில் துணியைப் பார்த்துத் தொழுகையோ என நினைத்துக் கேட்டார். அவர்மேலும் விழுந்தேன்.

ருக்கு பாட்டு முடிந்த இடத்தில், "...ம்மா, இங்க மழ..." வாய்க்கால் கிழவர் வருவதற்கு முன், "...உப்பே போடாம..." ஆட்டுக்காரி முடித்த இடத்தில், "நீங்க சும்மா இருங்க" என்று முழுதாக. அது ஜெகநாதனிடம் சொன்னது. மேளத்துக்கு முன்னால் அந்த விக்கலும் சிரிப்பின் தொடக்கமும். சிரிப்பு விரிவதற்குள் நாயனம் வந்து விழுந்துவிட்டது.

எல்லாவற்றையும் சேர்த்து ஓட்டிப் பார்த்தேன். ஒரு மூச்சுக்குள் தீர்ந்துபோனது.

கப்பல் வந்த அன்று பொன்னம்மாவை ஜெகநாதன் தன் ஆபீஸ்காரர் ஒருவரின் குவார்ட்டர்ஸில் தங்கவைத்தார். ரங்கத் படகு மறுநாள்தான். கப்பலில் பாதி நாள் வாந்தி எடுத்தவள் எதையும் தொடவில்லை என்று கேள்விப்பட்டு, என் மனைவி ரஷீதா தூக்குவாளியில் இடியாப்பமும் தேங்காய்ப்பாலும் கொடுத்தனுப்பினாள். மத்தியானம் இருவரும் கடைக்கு வந்தார்கள். டேப்பில் கணீரென்று கேட்ட குரலுக்கு நான் ஒரு பெரிய உருவத்தைக் கற்பனை செய்திருந்தேன். வந்தவள் என் மேஜை உயரத்துக்குக் கொஞ்சம் கூட. முந்தானையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஸ்டூலின் நுனியில் உட்கார்ந்தாள்.

"தம்பி, நாங்க பேசினது மேலாப்புல இருக்கும். அது வேணாம். அடியில அவ பேசினது இருக்கும்ல, அதைப் போடுப்பா."

ட்ரங்குப் பெட்டியில் கீழே மடித்துவைத்த புடவையைக் கேட்பதுபோலக் கேட்டாள். நான் ஜெகநாதனைப் பார்த்தேன். அவர் வெளியே மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

துணுக்குகளை ஓட்டினேன். மழை, உப்பு, சும்மா இருங்க, விக்கல். பொன்னம்மா காதை மெஷினோடு ஒட்டிக்கொண்டாள். அந்த விக்கல் வந்ததும் அவள் முகம் சிரிப்புக்குத் தயாரானது. பாதியிலேயே நின்றது.

"இன்னொரு தடவை."

ஓட்டினேன். மறுபடி கேட்டாள், மறுபடி ஓட்டினேன்.

"மீதி எங்க தம்பி? நெறைய பேசினாளே. மழையில அடுப்புப் பத்தாத கதை சொன்னா. இவரு மீன் வாங்கி ஏமாந்த கதை சொன்னா. 'எம்மா, உன் கையால ஒரு வாய்ச் சோறு வேணும்'னு சொன்னா. எல்லாம் எங்க?"

நான் மெஷினை நிறுத்தினேன். அவள் டேப்பைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"நாங்க பேசினது மட்டும் நல்லா இருக்குங்கறாரே மாப்பிள்ளை? அது எப்படி? நாங்க பேசினதாலதான்..."

அந்த வார்த்தையை முடிக்க விட்டிருந்தால், அழித்தது தான்தான் என்று அவளாகவே கண்டுபிடித்திருப்பாள். நான் பொய் சொல்லமாட்டேன் என்று சத்தம் போட்டவன். என் பேர், என் கை என்று பீற்றிக்கொண்டவன். அவள் முடிப்பதற்குள் என் வாய் முந்திக்கொண்டது.

"இல்லம்மா. மேல இருந்தது தப்பிச்சுது. அடியில இருந்ததுல ஈரம் எறங்கிப் பூஞ்சை புடிச்சிருந்தது. நான்தான் மருந்து போட்டுத் துடைச்சேன். கை தவறிப்போச்சு. உங்க பொண்ணு குரலை நான்தாம்மா கெடுத்துட்டேன்."

ஜெகநாதன் திரும்பிப் பார்த்தார். பொன்னம்மா எழுந்தாள். எனக்குப் பழக்கமான அந்தக் கணீர்க் குரல் அப்போதுதான் வந்தது.

"பாவி! எம் பொண்ணை மண்ணு தின்னுச்சு, மிச்சமிருந்ததை நீ தின்னுட்டியா? தெரியலைன்னா தொடாம வச்சிருக்கக்கூடாதா? உனக்குப் புள்ளகுட்டி இல்லையா? உன் கை..."

அதை மட்டும் அவள் முடிக்கவில்லை. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு இறங்கிப் போனாள். தையற்காரரும் டீக்கடையில் நின்றவர்களும் வேடிக்கை பார்த்தார்கள். எவனாவது ஒருவன் ஏதாவது கேட்டிருந்தால் அன்று அவனை அடித்திருப்பேன். ஒருவனும் கேட்கவில்லை. அன்று சாயங்காலமே ஒரு மளிகைக்காரர் வந்து, அவசரமில்லை என்று சொல்லித் தன் ரேடியோவைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனார்.

மறுநாள் காலை படகுக்குப் போகும் வழியில் ஜெகநாதன் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். கையில் எங்கள் தூக்குவாளி. அந்தத் துணுக்கு டேப்பை அவரிடம் கொடுத்தேன். சட்டைக்குள் வைத்துக்கொண்டார். என் கையைப் பிடித்தார்.

"அத்தை படகுத்துறையில இருக்காங்க. உங்க மூஞ்சியில முழிக்க மாட்டேன்னுட்டாங்க பாய்."

"சரிதான். அப்படியே இருக்கட்டும்."

"இதை உங்க வீட்டுல குடுக்கச் சொன்னாங்க. 'அந்தப் பாவி வீட்டுப் பாத்திரந்தான், அதுக்காக வெறுமனே குடுக்க முடியுமா'ன்னாங்க."

ரஷீதா வாங்கி மூடியைத் திறந்தாள். தூக்குவாளி நிறைய வெங்காய வடகம். காய்ந்து, கறுத்து, உருண்டை உருண்டையாக. அலமுவுக்கென்று பிடித்து வெயிலில் வைத்தது. பெண் இல்லை என்று தெரிந்த பிறகும் கப்பலில் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறாள்.

"நல்லா அழுத்தி நெறச்சிருக்காங்க, பாருங்களேன்" என்றாள் ரஷீதா.

பார்த்தேன். விளிம்புவரை, விரல் நுழைய இடமில்லாமல் நிரப்பியிருந்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. ரஷீதாவுக்குக் காட்டாமல் கடைக்குப் போய், முன்பலகையைத் திறக்காமல் உள்ளே உட்கார்ந்து அழுதேன்.