சாலையோரத்து மஞ்சள் வரிசை

எங்கள் அயோவாப் பக்கத்தில் ஒருவனுடைய விவசாயத்தைக் குறை சொல்ல அவன் வயலில் இறங்க வேண்டியதில்லை. காரை மெதுவாக ஓட்டினாலே போதும். அந்த ஜூனில் என் வயலருகே எல்லாக் கார்களும் மெதுவாகத்தான் போயின.

மக்காச்சோளம் இடுப்பைத் தொடும்போது பச்சைக்கு நடுநடுவே மஞ்சள் கோடுகள். அடியிலைகள் நுனியிலிருந்து நடுநரம்பு வழியே வெளுத்திருந்தன. தழைச்சத்துப் பட்டினி. வசந்தத்தில் அம்மோனியா உரம் போட்டபோது மண்ணுக்குள் இறங்கும் குழாய்களில் ஒன்றைச் சேறு அடைத்திருக்கிறது. நான் திரும்பிப் பார்க்கவே இல்லை. டிராக்டர் ரேடியோவில் பேஸ்பால் ஆட்ட வர்ணனை ஓடிக்கொண்டிருந்தது.

பெட்ரோல் பங்க் காபி மேசையில், பக்கத்து வயல்காரன் வெர்லின் ஹூக்ஸ்ட்ரா எல்லார் முன்னாலும் கேட்டான்: "டெல்மர், அது வயலாடா? வரிக்குதிரையையில்ல படுக்கப் போட்டிருக்கே!"

நானும் சிரித்தேன். ஆனால் இப்போதே உரம் கிடைக்காவிட்டால் அந்த வரிசைகளில் கதிர் தேறாது. பயிரை முறிக்காமல் என் டிராக்டர் உள்ளே போகவும் முடியாது. பயிருக்கு மேலாகவே ஓடி உரம் விடும் உயரச் சக்கர இயந்திரம் அக்கம்பக்கத்தில் ஒருவனிடம்தான் உண்டு. வெர்லினிடம்.

"போய்க் கேளுங்களேன்" என்றாள் மனைவி லவோன்.

"வெக்கமா இருக்கு."

"ரோட்டோரம் நிக்கற சோளத்துக்கே இல்லாத வெக்கம் உங்களுக்கு எதுக்கு?"

மறுநாள் காலை, கேட்கலாம் என்று பூட்ஸ் மாட்டும்போதே இரைச்சல். வெர்லினின் இயந்திரம் என் பயிருக்கு மேலே நடந்துகொண்டிருந்தது. தொங்கிய குழாய்கள் மஞ்சள் வரிசைகளின் அடியில் மட்டும் திரவ உரத்தை விட்டன.

"நான் கேக்கவே இல்லையே!" என்று கத்தினேன்.

"நீ கேக்கறதுக்குள்ள அறுவடை வந்துடும். என் அடுப்படி ஜன்னல்லேர்ந்து தினம் இந்தக் கண்றாவியைப் பாக்க முடியலடா!"

மழையும் கைகொடுத்தது. வேர் உரத்தைக் குடிக்க, மேலே வந்த இலைகளெல்லாம் பச்சை. சாலையோரத்தில் ஒரு வரிசை மட்டும் மஞ்சளாகவே நின்றது.

"அதை மறந்துட்டியே?" என்று வெர்லினிடம் கேட்டேன்.

"மறக்கல. அடுத்த வசந்தத்துல ரேடியோ போடறப்ப உனக்கு ஞாபகம் வரணும்ல?"

அறுவடையன்று லவோன் சுட்ட 'ஆப்பிள் பை' பலகாரத்தோடு வெர்லின் வீட்டுக்குப் போனேன். நன்றி என்று சொல்வதற்குப் பதில், அவன் காப்பாற்றிய வரிசையிலிருந்து ஒடித்த, நுனிவரை மணி பிடித்த கதிரை நீட்டினேன்.

உருட்டி உருட்டிப் பார்த்தான். மூக்கை உறிஞ்சிக்கொண்டான்.

"ரோட்டோர வரிசைக் கதிர் எங்கே?"

"கட்டைவிரல் தண்டிதான் இருந்துச்சு. டிராக்டர்ல, ரேடியோ மேலயே கட்டி வச்சிருக்கேன்."