எட்டாம் நாள் குமிழி

எட்டாம் நாள் காலையில் மெஷின் ஓடவில்லை. சாமை அரைக்கும் கொட்டகை பூட்டியிருந்தது. காவலூரிலிருந்து ஸ்கூட்டரில் வந்த வெண்ணிலாவுக்குப் பக்கத்து வீட்டு முனியம்மாதான் சொன்னாள்.

"விடியக்காலையில நெஞ்சு வலின்னாரு சின்னராசு. வண்டி வர்றதுக்குள்ள போய்ட்டாரும்மா."

ஏழு நாட்களாக வெண்ணிலாவின் கண்ணாடிக் குழாய் அந்த மெஷினோடு கட்டப்பட்டிருந்தது. உள்ளே தண்ணீரும் கொஞ்சம் வெள்ளைப் பொடியும். மெஷின் அதிர்ந்தால் பொடியின் துகள்களில் மின்சாரம் பிறக்கும். அது தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜனைக் குமிழிகளாக விடும். வீணாகும் அதிர்விலிருந்து எரிபொருள். ஒரு நாளும் விடாமல் பத்து நாள் அளவுகள் வேண்டும். திங்கட்கிழமை அவற்றைக் காட்டாவிட்டால் அவளுடைய ஆராய்ச்சியை மூடிவிடுவார்கள்.

மெஷின்காரர் சின்னராசு தினமும் குழாயின் குமிழிகளைப் பார்த்துக் கேட்பார்: "இன்னா பொண்ணு, உன் கோழி இன்னிக்கி எத்தினி முட்டை வுட்டுது?"

இப்போது அவர் வாசலில் கிடத்தப்பட்டிருந்தார். தலைமாட்டில் மனைவி சாந்தம்மாள். வெண்ணிலா ஓரமாக உட்கார்ந்தாள். குழாயைப் பற்றி வாய் திறப்பதில்லை என்று நினைத்துக்கொண்டுதான் வந்திருந்தாள். சாந்தம்மாளே அவள் கையைப் பிடித்தாள்.

"உன் வேலை கெட்டுப்போச்சேம்மா."

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க அத்தை."

"பொய் சொல்லாத. பத்து நாளு, பத்து நாளுன்னு அவரு வெரல் வுட்டு எண்ணிக்கினு இருந்தாரு. காரியம் முடியிற வரைக்கும் மெஷின் ஓடக் கூடாது. கையால ஆட்டலாம். சாவி இந்தா, அந்தக் குழாயை அவுத்துக் கொண்டா."

வெண்ணிலா கொண்டுவந்து கொடுத்தாள். சாந்தம்மாள் அதை மடியில் வைத்து ஆட்டத் தொடங்கினாள்.

"இன்னாடி இது, பொணத்தண்ட ஒக்காந்து கிலுகிலுப்பை ஆட்டற?" என்றாள் முனியம்மா.

"அவரு ஏத்துக்கின வேலைடி."

கையால் ஆட்டிய அளவை எந்தத் தாளிலும் எழுத முடியாது. எட்டாம் நாள் போனது போனதுதான். வெண்ணிலாவுக்கு அது தெரியும். உண்மையைச் சொல்லவும் ஒரு நாள் உண்டு, அது இன்றல்ல என்று நினைத்தாள். சாந்தம்மாளின் கை ஓய்ந்தபோது வாங்கித் தானும் ஆட்டினாள். உறவுக்காரர்கள் வந்து அழுதார்கள். பொழுது சாய்ந்தது. இருவரில் ஒருவர் கை ஓய மற்றவர் வாங்கிக்கொண்டார்.

சின்னராசுவைத் தூக்கப் போகிற நேரத்தில் சாந்தம்மாள் குழாயை அசைக்காமல் நிமிர்த்திப் பிடித்தாள். பொடி மெல்ல அடியில் இறங்கியது. கண்ணாடியில் ஒட்டியிருந்த கடுகளவு குமிழி ஒன்று விடுபட்டு மேலே ஏறியது.

அவள் குழாயை அவர் முகத்தருகே கொண்டுபோனாள்.

"இந்தா பாரு. முட்டை வுட்டுடுச்சு."