கொட்டிலுக்கு வந்த மாப்பிள்ளை

சீதனமாக வீடு கொடுப்பார்கள், தோட்டக் காணி கொடுப்பார்கள், நகை கொடுப்பார்கள். இல்லாதவர்கள் கடன்பட்டுக் கொடுப்பார்கள். ஆனால் ஒரு பெண் தன் கையால் உண்டாக்கிய பொருளையே எடுத்து, அதை அவளுக்குத் தாங்கள் தருகிற சீதனம் என்று சொல்லி இன்னொருவனிடம் ஒப்படைக்க நினைத்தவர்களை நான் எங்கள் வீட்டில்தான் கண்டேன்.

அந்தப் பெண் என் அக்கா, மீனாம்பிகை. சண்டிலிப்பாயில் அவளைத் தெரியாதவர்கள் இல்லை. ஆனால் "ஆர் மீனாம்பிகை?" என்று கேட்டால், "உவன் சோமுவின்ரை தங்கச்சி" என்றுதான் சொல்வார்கள். சோமு எங்கள் அண்ணை, சோமசேகரம். அரசாங்கக் கந்தோரில் கிளாக்கர். ஐயா இறந்த பிறகு வீட்டில் அவர் சொல்தான்.

அக்கா கொழும்பில் ரேடியோ பொருத்துகிற கம்பனி ஒன்றில் வேலை செய்தவள். எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தோடு கப்பலில் வந்து காங்கேசன்துறையில் இறங்கினாள். ஊருக்கு வந்த கொஞ்ச நாளிலேயே தோட்டக் கிணறுகளைச் சுற்றிப் பார்க்கத் தொடங்கிவிட்டாள். கோடையில் கிணற்றுத் தண்ணீர் கீழே போனால் மோட்டர் வெறுமையாக ஓடிக் கருகிவிடும். தண்ணீர் இறங்கியதும் மோட்டரைத் தானாக நிற்பாட்டுகிற சுவிச்சு ஒன்றை அக்கா செய்தாள். புகையிலைத் தோட்டக்காரர்கள் சிரித்தார்கள்.

"மோட்டரை நிப்பாட்ட எனக்குத் தெரியாதோ? அதுக்கும் ஒரு பெட்டை வரவேணுமோ?" என்று கேட்டவரின் மோட்டர்தான் அந்தக் கோடையில் முதலில் கருகியது. பிறகு சண்டிலிப்பாயிலிருந்து நீர்வேலி வரைக்கும் அவளுடைய சுவிச்சு போனது. ஆறேழு வருடம் அதுதான் எங்கள் வீட்டு அடுப்பை எரித்தது.

தொண்ணூறில் சண்டை மூண்டு கறண்ட் போனது. போனது போனதுதான். அத்தனை சுவிச்சும் வெறும் பெட்டிகளாயின. அம்மா தலையில் கைவைத்துக்கொண்டு இருந்தா. அக்கா சொன்னாள்: "சரி. கறண்ட் இல்லாத ஊருக்கு என்ன வேணும் எண்டு பாப்பம்."

ஊருக்குச் செய்தி வேண்டியிருந்தது. ரேடியோவுக்குப் பற்றரி இல்லை, அரசாங்கத் தடை. எல்லோரும் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுற்றிச் செய்தி கேட்டார்கள். சுற்றுகிறவர் களைத்தால் செய்தி வாசிப்பவரும் களைத்துப் போவார். அக்கா ஒரு சின்னப் பெட்டி செய்தாள். அதை ரேடியோவோடு பூட்டினால் சுற்று குறைந்தாலும் குரல் குறையாது. அதைப் பார்த்து மற்றவர்களும் செய்து விற்கத் தொடங்கினார்கள். எனக்கு ஆத்திரம் வந்தது. அக்காவுக்கு வரவில்லை. "கொப்பியடிக்கட்டும். நான் அதுக்குள்ளை அடுத்ததைச் செய்து போடுவன்" என்றாள்.

அடுத்ததுதான் கொட்டில். எங்கள் வீட்டு வளவின் மூலையில் நான்கு தடி நட்டு, கிடுகு வேய்ந்த கொட்டில். பக்கத்தில் உயரமான தென்னங்குற்றி. அதன் தலையில் பலகையில் செதுக்கிய மூன்று செட்டையோடு ஒரு காற்றாடி. அது சுற்றினால் பழைய ஏ போட்டி கார் ஒன்றின் டைனமோ சுற்றும். கார் பற்றரிகள் சார்ஜ் ஆகும். முதல் செய்த செட்டைகள் முறிந்தன. இரண்டாவது தரம் டைனமோ எரிந்தது. மூன்றாவது தரம் சோளகக் காற்று எழும்பியபோது, கொட்டிலுக்குள் தொங்கிய சின்ன பல்ப் மெல்லச் சிவந்து பிறகு வெளுத்தது. அக்கா அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். நான் அவளைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

காற்று விழுந்த நாட்களில் சைக்கிள் மிதித்துத்தான் சார்ஜ் ஏற்ற வேண்டும். அது என் வேலை. நான் பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். ஆட்களோடு கதைக்க எனக்கு வராது. கொட்டிலுக்குள் மறைப்பாகக் கட்டிய படங்குச் சீலைக்குப் பின்னால் இருந்து மிதிக்கிறவள் யாரோடும் கதைக்கத் தேவையில்லை. கலியாண வீட்டுக்காரர், கோயில்காரர், மருத்துவிச்சி அம்மா என்று எல்லோரும் காசு கொடுத்துச் சார்ஜ் ஏற்றப் பற்றரியைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு வந்தார்கள். எல்லாவற்றையும் படங்குக்குப் பின்னால் இருந்து கேட்டேன்.

அண்ணை சொல்லியவற்றையும் கேட்டேன். கொட்டில் போட்ட வருடம் அவர் கேட்டது: "எடியே மீனா, உன்ரை உந்தக் குப்பையை எப்ப அள்ளுறாய்? ஆக்கள் சிரிக்கினம்." செட்டை முறிந்தபோது, "உன்ரை காத்தாடி பறந்திட்டுதாம்" என்று கந்தோர்க்காரரோடு சேர்ந்து அவரும் சிரித்தார். ஆட்கள் வரிசையில் நிற்கத் தொடங்கியபோது அது "எங்கடை கொட்டில்" ஆனது. தன் கந்தோர்ப் பெரியவரின் பற்றரியைக் காத்திருக்க விடாமல் முதலில் ஏற்றிக் கொடுக்கச் சொல்லுவார். தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு யாரோ புதியவர் வாசல் படலையில் நின்று விசாரித்தபோது, "ஓம், என்ரை கொட்டில்தான். வாங்கோ" என்றார்.

நான் மிதிப்பதை நிறுத்திவிட்டேன். அக்காவுக்கும் கேட்டிருக்கும். அவள் ஒரு வயரின் நுனியைப் பல்லால் உரித்துக்கொண்டிருந்தாள். உரித்து முடித்துத் துப்பிவிட்டு, "ஏன் நிப்பாட்டினனி? மிதி" என்றாள்.

அந்த வருடமே தரகர் சீவரத்தினம் வந்தார். நீர்வேலியில் ஒரு மாப்பிள்ளை. குகதாசன் என்று பெயர். கூட்டுறவுச் சங்கத்தில் ஸ்ரோர் கீப்பர். "பிள்ளை இப்ப என்ன செய்யிறா?" என்று தரகர் கேட்டார். அவர் கேட்டபோது அக்கா தென்னங்குற்றியின் உச்சியில் நின்று செட்டைக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாள்.

"வீட்டிலை சும்மாதான் இருக்கிறா" என்றா அம்மா.

சும்மா! எனக்கு அம்மாவை உலுக்கிக் கேட்க வேண்டும் போல இருந்தது. மேலே ஏறி நிற்பவள் யார்? அரிசி வாங்கிய காசு யாருடையது? ஆனால் எங்கள் ஊரில் கலியாணம் பேசும்போது எல்லாப் பெண்களும் சும்மாதான் இருப்பார்கள். சும்மா இருக்காத பெண்ணை யார் கட்டுவார்கள்?

அக்கா இறங்கி வந்து கையைத் துடைத்தாள். கலியாணம் வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. "ஆள் எப்பிடியாம்? என்ரை வேலையை விடச் சொல்லுவாரோ? அதை மட்டும் கேட்டுச் சொல்லுங்கோ" என்றாள்.

தரகர் பெரிதாகச் சிரித்தார். "பிள்ளை, சங்கத்திலை வேலை செய்யிற ஆள். சங்கம் எண்டால் முன்னேற்றம்தானே!"

பெண் பார்க்க மாப்பிள்ளையும் அவருடைய தகப்பன் ஆழ்வாப்பிள்ளையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சைக்கிளில் வந்தார்கள். தகப்பன் வேட்டியை மடித்துக் கட்டிப் பின் கரியரில் இருந்தார். மாப்பிள்ளை நன்றாக வியர்த்திருந்தார். அக்கா நீலச் சேலை உடுத்திருந்தாள். நகக்கண்ணில் கறுப்பு மட்டும் போகவில்லை. தேசிக்காய் போட்டுத் தேய்த்தும் போகவில்லை.

தேத்தண்ணி கொடுத்துவிட்டு அவள் கதவு நிலையோடு நின்றாள். நான் அவளுக்குப் பின்னால் நின்றேன்.

"வீடு சின்னவளுக்கு" என்று அண்ணை தொடங்கினார். "மூத்தவளுக்குத் தோட்டத்திலை ஆறு பரப்புக் காணி. அம்மாவின்ரை நகை. அதோடை..." அவர் செருமிக்கொண்டார். "அதோடை உந்த சார்ஜ் கொட்டில். காத்தாடி, டைனமோ எல்லாம் சேத்து."

ஆழ்வாப்பிள்ளை நிமிர்ந்து உட்கார்ந்தார். "கொட்டில் ஆற்ரை?"

"என்ரைதான். என்ரை வளவிலை நிக்குது. தங்கச்சிக்கு எண்டு மனமுவந்து குடுக்கிறன்."

அக்காவின் கை நிலையில் இறுகியது. நான் அவளுடைய முதுகில் கைவைத்தேன்.

"அப்ப நாங்கள் அதை ஒருக்காப் பாக்கலாமோ?" என்று மாப்பிள்ளை எழும்பினார். பெண்ணைப் பார்த்ததைவிடக் கூடுதல் நேரம் அவர் கொட்டிலைப் பார்த்தார். டைனமோவில் தட்டிப் பார்த்தார். காற்றாடியைப் பார்க்கத் தலையை நிமிர்த்தித் தொப்பியில்லாமல் வெயிலில் நின்றார். திரும்பி வந்து தகப்பனுக்குச் சொன்னார்: "நல்ல சாமான் அப்பா. நீர்வேலிக்குக் கொண்டுபோய்ச் சங்கத்துக்குப் பக்கத்திலை போட்டால் நல்லா ஓடும். ஒரு பெடியனைச் சம்பளத்துக்கு வைச்சு நடத்தலாம்."

"அப்ப நான்?" என்றாள் அக்கா.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பெண் பார்க்கிற இடத்தில் பெண் வாய் திறந்துவிட்டாள்.

"நீங்கள் ஏன் கஷ்டப்படவேணும்?" என்றார் மாப்பிள்ளை. நல்ல மனதோடுதான் சொன்னார். அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். "நீங்கள் வீட்டிலை இருக்கலாம்தானே."

"குறை நினையாதேங்கோ, ஒண்டு கேக்கிறன். உங்களுக்குக் கொட்டில் வேணுமோ, நான் வேணுமோ?"

ஆழ்வாப்பிள்ளை வெற்றிலைச் சாறோடு சிரித்தார். "ரெண்டும் ஒண்டுதானே பிள்ளை! சோடியாத்தானே வருது."

"அப்பிடியெண்டால் சரி. தாலியை அந்தத் தென்னங்குற்றியிலை கட்டிப்போட்டு வண்டிலிலை ஏத்திக்கொண்டு போங்கோ. அது சமைக்காது. மற்றப்படி வாயும் காட்டாது."

தரகர் சீவரத்தினத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் அதை இருமலாக மாற்றினார். மாப்பிள்ளை வீட்டார் தேத்தண்ணியைக் குடிக்காமலே சைக்கிளை எடுத்தார்கள்.

படலை சாத்தியதும் அண்ணை பொரிந்தார். "மானத்தை வாங்கிப்போட்டாய்! உனக்கு எவன் இனி வருவான்?"

"அண்ணை, நீங்கள் ஆற்ரை சாமானை ஆருக்குக் குடுத்தனீங்கள்?"

"என்ரை வளவிலை நிக்கிறது என்ரைதான். போய் ஆரையும் கேட்டுப்பார்."

அக்கா அம்மாவைப் பார்த்தாள். அம்மா ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவ முந்தானையால் மூக்கைத் துடைத்துவிட்டுச் சொன்னா: "அண்ணன்தானே பிள்ளை. குடுத்திட்டுப் போவன். நீ பிறகு இன்னொண்டு செய்வாய்தானே."

செய்வாள்தான். செய்யக்கூடியவள் என்பதற்காக அவளிடம் எதையும் பறிக்கலாமா? மரம் பிறகும் காய்க்கும் என்று தேங்காய்க் கள்ளனை யாராவது விடுகிறார்களா?

மூன்றாம் நாள் அக்கா இரண்டு பைகளில் உடுப்பை அடுக்கினாள். ஒன்று என்னுடையது. "நல்லூரிலை இராசமலர் வீடு இருக்கு. வாறியோ?" என்றாள். இராசமலர் அவளோடு படித்தவள்; தன் வீட்டு முற்றத்தில் ரியூசன் நடத்துகிறவள். நான் தலையாட்டினேன். படலையடியில் அண்ணை வந்து நின்றார். தடுக்க வந்தார் என்றுதான் நினைத்தேன்.

"போறதெண்டால் போ. அந்த வயர் எது எங்கை போகுது எண்டு சொல்லிப்போட்டுப் போ" என்றார்.

"சொல்லிக் குடு பிள்ளை" என்றா அம்மா, குசினி வாசலில் நின்று.

"உங்கடை கொட்டில்தானே அண்ணை" என்றாள் அக்கா. சைக்கிளில் ஏறினாள். நான் பின்னால் ஏறினேன். மானிப்பாய் தாண்டிய பிறகு, காற்றோடு, என் பக்கம் திரும்பாமல், "அந்த மூண்டாவது செட்டையை நான் எவ்வளவு நாள் செதுக்கினன் தெரியுமோ?" என்றாள். பிறகு அழுதாள். சைக்கிள் ஓடிக்கொண்டே அழுதாள்.

நல்லூரில் இராசமலரின் முற்றம் நிறையச் சைக்கிள்கள் நின்றன. ரியூசனுக்கு வந்த பிள்ளைகளின் சைக்கிள்கள். இருட்டினால் வகுப்பு இல்லை, சோதனை நெருங்குகிறது, விளக்கு எண்ணெய் விலை யாருக்கும் கட்டாது. அக்கா அந்தச் சைக்கிள்களை எண்ணிப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு மாதத்துக்குப் பிறகு, வகுப்புக்கு முன்னால் பெடியளும் பெட்டையளும் அக்கா டைனமோ பூட்டிய சைக்கிளை முறைவைத்துக் கொஞ்ச நேரம் மிதித்தார்கள்; மாலை வகுப்புக்கு வெளிச்சம் வந்தது. "இஞ்சை பாஸ் பண்ணாட்டிலும் கால் பலக்கும்" என்று பெடியள் பகிடி விட்டார்கள். பக்கத்து ரியூசன்காரர்களும் அக்காவைத் தேடி வந்தார்கள்.

சண்டிலிப்பாயிலிருந்தும் செய்தி வந்தது. அண்ணையால் கொட்டிலை ஓட்ட முடியவில்லை. அதனால் விற்றுவிட்டார். வாங்கியவர் வேறு யாருமில்லை, குகதாசன்தான். அக்கா ஆத்திரத்தில் சொன்னதை அவர்கள் அப்படியே செய்தார்கள். பெண் இல்லாமல் கொட்டில் மட்டும் இரண்டு மாட்டு வண்டிலில் நீர்வேலிக்குப் போனது. ஊரில் என்ன சொன்னார்கள் தெரியுமா? "மீனா நல்ல பிள்ளை. தமையனுக்கு விட்டுக் குடுத்திட்டாள்." விட்டுக்கொடுத்தாளாம்! பறித்தது அவர்கள்; பெருந்தன்மை மட்டும் அவளுடையது.

தொண்ணூற்று நான்கில் ஒரு நாள் குகதாசன் நல்லூருக்கு வந்து, சைக்கிளை மதிலில் சாத்திவிட்டு, செருப்பைக் கழற்றுவதா விடுவதா என்று தெரியாமல் நின்றார். "காத்தாடி சுத்துதில்லை" என்றார். "சுத்தினாலும் பற்றரி ஏறுதில்லை. நீங்கள் ஒருக்கா வந்து பாத்தால்... காசு தாறன்."

அவரைப் படலைக்கு வெளியே தள்ள வேண்டும் என்று எனக்கு இருந்தது. அக்கா ஒரு கதிரையைக் காட்டினாள்.

"எங்கை நட்டனீங்கள்?"

"சங்கத்துக்குப் பின்னாலை. வாழைத்தோட்டத்துக்குள்ளை."

"வாழை மறைச்சால் காத்து எப்பிடி வரும்? தூணை இன்னும் உயத்தவேணும். பெல்ட்டும் மாத்தவேணும்." அவளுடைய கண்கள் அதற்குள்ளேயே நீர்வேலிக்குப் போய்விட்டன. எனக்கு அவள் மீதும் கோபம் வந்தது. "வாறன்" என்றாள். "காசு பிறகு. முதல்லை ஒண்டு செய்யவேணும். காத்தாடியின்ரை வாலிலை ஒரு தகரம் இருக்கு. அதிலை 'மீனாம்பிகை செய்தது' எண்டு பெரிசா எழுதுங்கோ. றோட்டாலை போறவை வாசிக்கிற மாதிரி."

அவர் தரையைப் பார்த்தார். "அது... பொம்பிளைப் பெயர். சங்கத்திலை என்ன நினைப்பினம்? வீட்டிலை மனிசியும் ஒரு மாதிரி நினைப்பா. காசைக் கூட்டித் தாறன்."

"காசைக் கூட்டவேண்டாம்."

"சும்மா பெயரிலை என்ன இருக்கு?"

"ஒண்டுமில்லையெண்டால் எழுதுங்கோவன்."

அவர் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார், நெற்றி சுருங்கியது. பிறகு எழும்பி, "கேட்டுச் சொல்லுறன்" என்று சைக்கிளை எடுத்தார். யாரைக் கேட்க? அவருடைய காற்றாடி, அவருடைய தகரம். அக்கா அவர் போவதைப் பார்க்கவில்லை. மாலை வகுப்புக்குப் பிள்ளைகள் வரத் தொடங்கியிருந்தார்கள். சங்கிலி கழன்ற சைக்கிளொன்றை அவள் நிமிர்த்திக்கொண்டிருந்தாள்.

அவர் இன்னும் எழுதவில்லை. காற்றாடியும் சுற்றவில்லை. தென்னங்குற்றியில் இப்போது வாழைக்குலை கட்டித் தூக்குகிறார்களாம்.